அரைச் சுற்று

இப்போதெல்லாம் யாரும் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நிற்பதில்லை. சாவியைத் தூக்கிப் போடுகிறான், "பையா, கித்னா டைம்?" என்று எவ்வளவு நேரமாகும் என இந்தியில் கேட்கிறான், நான் பதில் சொல்வதற்குள் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறான். தன் வண்டியின் வயிற்றை இன்னொருவன் திறக்கிறானே, எதை எடுக்கிறான் எதை வைக்கிறான் என்று பார்க்க வேண்டாமா. நானாக இருந்தால் கண்ணை எடுக்க மாட்டேன். மெக்கானிக்கை நம்புகிறவனைப் போல அசடு உலகத்தில் கிடையாது. நான் மெக்கானிக், நானே சொல்கிறேன்.

அச்சுதன் சார் அப்படி இல்லை. அவர் நின்றார்.

பத்மநாபன் சார், நீங்கள் அவரோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர், குவார்ட்டர்ஸில் அவருக்கு எதிர் வீட்டுக்காரர். ஐந்து நாளாக லஞ்ச் நேரத்தில் இங்கே வந்து இந்த டின் மேல் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். அன்றைக்கு அவர் வண்டியில் லைட் எரிந்ததா, எரியவில்லையா. அந்த வண்டியின் எலெக்ட்ரிக் வேலையெல்லாம் நான் பார்த்தது என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். இன்றைக்குச் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். நடுவில் குறுக்கே கேட்டால் எனக்கு வராது. மூன்றாவதோடு நின்றவன்.

எனக்கு ஆத்தூர்ப் பக்கம். ஏஷியாட் விளையாட்டு நடந்த வருஷம் கட்டட வேலைக்கென்று டெல்லிக்கு வந்தேன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது. உட்கார்ந்து செய்கிற வேலையாக வேண்டும் என்று வண்டி வயரிங் கற்றுக்கொண்டேன். லோதி ரோட்டில் இந்த நாவல் மரத்தடியில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என் பெண்சாதி முத்தம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் பூங்கோதையை ஓசூரில் கட்டிக் கொடுத்தேன். முன்பு ஞாயிற்றுக்கிழமை தோறும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வாள். அப்புறம் மாதம் ஒரு தடவை ஆனது. இப்போது அந்தப் பூத்தே இல்லை.

நான் இருக்கிற கேம்பில், இங்கே குடிசைப் பகுதிக்கு அதுதான் பெயர், தமிழ் ஆட்கள் நிறைய உண்டு. வாய் கொடுக்க மாட்டேன். இங்கே ஒன்று சொன்னால் அங்கே நாலு வீட்டில் அது வேறாகப் போய்ச் சேரும். நான் பேசாமல் இருந்தேன், அவர்களும் விட்டுவிட்டார்கள். பகலெல்லாம் இந்தி. இந்தி எனக்கு வேலைக்கு வரும், பேச்சுக்கு வராது. சில நாள் சாயங்காலம் பெட்டியைப் பூட்டும்போதுதான் காலையிலிருந்து தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தெரியும். பூட்டிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போவேன்.

அச்சுதன் சார் முதலில் வந்தது போன வருஷம் மார்ச் மாதம். எழுபத்தெட்டாம் வருஷத்து மோட்டார் சைக்கிள், அவர் மாமனார் ஓட்டியது. சார்ஜ் ஏறவில்லை என்றார். இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டதாம், மூன்றாவதும் படுத்துவிட்டதாம். எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்குகிற காயிலையே மாற்ற வேண்டும் என்று ஒரு கடைக்காரன் சொல்லியிருக்கிறான்.

நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே ஹேண்டில் நடுவில் இருக்கிற மீட்டர் முள்ளைப் பார்த்தேன். மைனஸ் பக்கம் சாய்ந்தது. எவ்வளவு திருகியும் நடுவுக்கு வரவில்லை. பேட்டரியிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். காயில் வயரில் சின்ன பல்பை வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. காயில்மேல் குற்றம் இல்லை. அடுத்தது ரெக்டிபயர். காயிலிலிருந்து வருகிற கரண்டைப் பேட்டரி வாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றித் தருகிற தகடு அது. சீட்டுக்கு அடியில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். அந்த போல்ட்தான் அதற்கு எர்த். அது பிடிக்காவிட்டால் எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் பேட்டரிக்கு ஒன்றும் போகாது. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தவன் அந்த இடத்தையும் விடாமல் அடித்து, அதன் மேலேயே தகட்டை வைத்து முறுக்கியிருக்கிறான். கத்தியால் சுரண்டினேன். இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. போல்ட்டை முறுக்கினேன். முள் பிளஸ் பக்கம் ஏறியது.

"இவ்வளவுதானா ஓய்?" என்றார். "ரெண்டு வருஷமா என்னைச் சுத்த விட்டாளே."

அவ்வளவு நேரமும் அவர் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் போகவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே டின்னில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். மூடியில் பாதித் தயிர் சாதத்தைப் போட்டு என் பக்கம் நகர்த்தினார். மேலே மணத்தக்காளி வற்றல். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கியது என்றார்.

"உம்ம மூஞ்சில சிரிப்புன்னு ஒண்ணு வருமா வராதா?" என்று கேட்டார்.

"சிரிச்சா பக்கத்துல வந்து உக்காந்துக்குவாங்க சார்."

"நீர் சிரிக்காமலே நான் உக்காந்துட்டேனே. இப்ப என்ன பண்ணுவீர்?"

வீட்டைப் பற்றிச் சொன்னார். மகள் ஸ்ம்ருதியிடம் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வருகிறதாம். மனைவி காமாக்ஷி அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லையாம். "வீட்ல நான் பேசறது சுவத்துக்குத்தான் ஓய். சுவர் பரவால்ல, நடுவுல எழுந்து போகாது." நான் பூட்டிடம் பேசுவதைச் சொன்னேன். முத்தம்மா போனபிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் வரவில்லை. வண்டி நன்றாக ஓடியது, எதற்கு வருவார். காலையில் இந்த வழியாகப் போகும்போது கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். ஹெட்லைட் பகலில் எரிந்தால்கூடத் தெரியும், அவ்வளவு நல்ல சார்ஜ். சரியாகச் செய்த வேலைக்குக் கிடைப்பது இதுதான். ஆள் திரும்பி வர மாட்டான்.

ஜூனில் ஒரு நாள் பிரேக் பிடிக்கவில்லை என்று நிறுத்தினார். இரண்டு நிமிஷ வேலை. அவசரமாகப் போக வேண்டும், உட்கார முடியாது என்றார். பக்கத்துக் கடையில் தண்ணீர் குடிக்கப் போனார். நான் சீட்டைத் தூக்கி அந்த போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினேன்.

அரைச் சுற்று என்பது ஒன்றுமில்லை சார். கையால் ஆட்டிப் பார்த்தால்கூடத் தெரியாது. ஆனால் அந்த வண்டியின் அதிர்வுக்கு அது மெல்ல மெல்ல இளகும். எர்த் வரும், போகும். ஏறுகிறதை விட இறங்குகிறது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மூன்று வாரம், நாலு வாரத்தில் லைட் மஞ்சளாகிவிடும்.

இருபத்து நாலாம் நாள் வந்தார். "வடிவேல், ஹார்ன் தும்மறது" என்றார். டிபன் பாக்ஸைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அப்படித்தான் அது ஒரு வழக்கமாக ஆனது. அவர் வருவார், நான் முறுக்குவேன், பேட்டரியை என் சார்ஜரில் போடுவேன், பேசிக்கொண்டிருப்போம், கிளம்பும் முன்னால் அவர் டிபன் பாக்ஸைக் கழுவப் போகும்போது அரைச் சுற்று. மழை என்று ஒரு தடவை சொன்னேன். தூசி என்று ஒரு தடவை. பழைய வயர் என்று ஒரு தடவை. வேறு கடைக்குப் போய்விடாமல் இருக்க, மெயின் ரோட்டுக் கடைக்காரர்கள் நல்ல காயிலை உருவிக்கொண்டு கெட்டதை மாட்டிவிடுவார்கள் என்றும் சொல்லிவைத்தேன். அது முழுப் பொய் இல்லை. வண்டியை விற்றுவிடுங்கள் என்று காமாக்ஷி அம்மா சொன்னபோது, "வடிவேல் இருக்கும்போது எதுக்கு விக்கணும்" என்று சொன்னாராம். அதை அவரே வந்து என்னிடம் சொன்னார்.

இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. சார்ஜ் போட்டதற்கு நான் கை நீட்டிக் காசு வாங்கியதே கிடையாது. அவருக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது. சும்மா வந்து உட்காரலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆபீஸர் ஒருவர் காரணம் இல்லாமல் மரத்தடி மெக்கானிக்கிடம் வந்து உட்கார மாட்டார். அவர் ஆசைப்பட்டாலும் முடியாது. நாலு பேர் பார்ப்பார்கள். அந்தக் காரணத்தை நான் செய்து கொடுத்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் வண்டி நடு ரோட்டில் நின்று, இங்கே வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க நனைந்து, மூச்சு வாங்கியது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அன்றைக்குத்தான் ரொம்ப நேரம் பேசினோம்.

ஆனால் அவர் கெட்டிக்காரர். மீட்டரைப் பார்க்கப் பழகிவிட்டார். நவம்பரில் லைட் மங்குவதற்கு முன்பே வந்து நின்றார்.

"ஓய், நீர் பார்த்து அனுப்பி ஒரு வாரம்கூட ஆகலை. முள்ளு மைனஸ்லயே நிக்கறது. அந்த போல்ட்டை எப்படி முறுக்கணும், காமியும். இனிமே நானே முறுக்கிக்கறேன். உமக்கும் சிரமம் குறையும்."

நான் சீட்டைத் தூக்கவில்லை. முறுக்கக் காட்டிக் கொடுத்தால் அவர் வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும். நான் நிதானமாகச் சொன்னேன். "அந்த முள்ளு பொய் சொல்லுது சார். இருபத்தஞ்சு வருஷத்து மீட்டர், ஸ்பிரிங்கு போயிருச்சு. அதப் பாத்து ஓட்டாதீங்க. வெளிச்சம் மங்கினா எங்கிட்ட வாங்க, போதும்."

அவர் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "சரி. முள்ளை நம்பலை. உம்மை நம்பறேன்."

அந்த வண்டியில் உண்மையைச் சொன்னது அந்த முள் ஒன்றுதான்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் இரண்டு பொட்டலம் வேர்க்கடலையோடு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். சென்னைக்கு மாற்றல் கிடைத்துவிட்டதாம். பிப்ரவரி பத்தாம் தேதி கிளம்புகிறார்களாம். அங்கே போனால் ஸ்ம்ருதி தமிழ் பேசித்தானே ஆக வேண்டும் என்றார். கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே, "இனிமே உமக்கு என் தொல்லை விட்டுது வடிவேல்" என்றார்.

நான் நல்லது என்றேன்.

அதற்கு முந்தின வாரம்தான் பூங்கோதை, பொங்கலுக்கு வர முடியாது, சின்னவனுக்குப் பரீட்சை என்று பக்கத்து வீட்டு நம்பருக்குச் சொல்லிவிட்டிருந்தாள். பொங்கலுக்குப் பரீட்சை வைக்கிற பள்ளிக்கூடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிப்ரவரி பத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. அரைச் சுற்று என்றால் ஒரு தடவை வருவார், மிஞ்சினால் இரண்டு தடவை. பத்து மாதம் பேசிவிட்டு இரண்டு தடவையோடு முடிப்பது சரியில்லை. ஜனவரி முதல் வாரம் அவர் வந்தபோது பேட்டரியை முழுக்க ஏற்றிக் கொடுத்தேன். அதில் குறை வைக்கவில்லை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போக இருபது நிமிஷம் லைட் எரிய வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐந்து நாள் தாங்கும். திங்கள் கொடுத்தேன், வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த டின்னில் வந்து உட்காருவார். வாரத்துக்கு ஒரு தடவை. அவ்வளவுதான் நான் நினைத்தது.

அவர் பாக்ஸைக் கழுவப் போனபோது, இந்த முறை தளர்த்தவில்லை. போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தகட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டை வைத்து, ஆடாமல் ஒயரால் கட்டினேன். பார்க்கிறவனுக்கு நன்றாகப் பிடித்திருக்கிற மாதிரிதான் தெரியும்.

அவர் எனக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. அந்த வாரம் ஆபீஸ் முடிந்ததும் சாமான் கட்டுகிற ஆளைப் பார்க்க, ரயில்வே புக்கிங்குக்கு, கோல் மார்க்கெட்டில் அவர் சித்தப்பா வீட்டுக்கு என்று தினமும் அலைந்திருக்கிறார். ஐந்து மணிக்கே பனி இறங்குகிற மாதம். லைட்டைப் போட்டுக்கொண்டே ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். பேட்டரி மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. என்னிடம் சொல்லியிருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை நான் கொய்யாப்பழம் வாங்கி, நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வைத்திருந்தேன். ஒன்றரை மணி ஆனது, இரண்டரை ஆனது. வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. போகப் போகிறவர், இப்போதே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கொய்யாவை நானே தின்றேன். திங்கட்கிழமைதான் உங்கள் ஆபீஸ் பியூன் வந்து சொன்னான். வியாழக்கிழமை சாயங்காலம், ரிங் ரோட்டில் பாலம் இறங்குகிற இடத்தில், பனியில், வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி.

எனக்கு அழுகை வரவில்லை. டின்னை நிமிர்த்தி வைத்தேன்.

ஐந்து நாளைக்கு முன்னால் போலீஸ் விட்ட வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். என்ன விலை போகும் என்று பார்க்கச் சொன்னீர்கள். அப்புறம் மெல்லக் கேட்டீர்கள். "பெரியவரே, லாரி டிரைவர் ஒரே பிடியா சொல்றான், முன்னாடி போன வண்டில சிவப்பு லைட்டே இல்லைன்னு. போலீஸ் நம்பலை. ஜெயில்ல போட்டுட்டா. அவன் பொண்டாட்டி தினம் கோர்ட் வாசல்ல நிக்கறா. எனக்குத் தூக்கம் வரலை. எரிஞ்சுதா, இல்லையா?"

லாரி ஓட்டுகிறவன் எவனும் உண்மை பேச மாட்டான் என்பது என் எண்ணம். ஆனால் இவன் சொன்னது உண்மை. லைட் எரியவில்லை. முன்னாலும் எரியவில்லை, பின்னாலும் எரியவில்லை. பேட்டரியில் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் நின்றது.

முதல் நாளே நீங்கள் டீ வாங்கப் போனபோது நான் அந்த வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரப்பர் துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. போல்ட் என் பையில் இருந்தது. எடுத்து மாட்டியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. யாருக்கும் எப்போதும் தெரிந்திருக்காது. மாட்டவில்லை. பயத்தால் இல்லை, நியாயம் பார்த்தும் இல்லை. மாட்டிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்று சொன்னால் நீங்கள் மறுநாள் வர மாட்டீர்கள். அதனால் இன்றைக்குப் பேட்டரி, நாளைக்குக் காயில் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நீங்களும் வந்தீர்கள்.

நேற்று ஒன்று சொன்னீர்கள், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வியாழக்கிழமை காலையில் காமாக்ஷி அம்மா ஏதோ கேட்டதற்கு, "முள்ளு மைனஸ்ல கிடக்கு, ஆனா அது பொய் முள்ளு, வடிவேல் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாராம்.

அதற்குப் பிறகும் நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். பனியை நான் இறக்கவில்லை. லாரியை நான் ஓட்டவில்லை. நின்ற வண்டியை ஓரமாகத் தள்ளியிருக்க வேண்டும், அவர் தள்ளவில்லை. அக்டோபரில் தள்ளத் தெரிந்தவருக்கு ஜனவரியில் தெரியாதா. நீங்கள் இப்படிப் பார்க்கிறீர்கள். எதற்குப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது, ஆனால் சரியென்று படவில்லை.

இந்தாருங்கள் போல்ட். ஸ்டேஷனில் கொடுத்து, வடிவேல் கொடுத்தான் என்று சொல்லுங்கள். அந்த டிரைவர் வீட்டுக்குப் போகட்டும். என்னைக் கேட்டால் கேம்பில் இருப்பேன், வந்து பார்க்கச் சொல்லுங்கள். யாராவது வரட்டும்.

ஸ்க்ரூ டிரைவரையும் பிடியுங்கள். மூன்றாம் நாள் நீங்கள் எனக்கு இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்தீர்கள். கிளட்ச் கேபிளைப் பார்க்கச் சொல்லி உங்கள் ஸ்கூட்டரை விட்டுவிட்டு, அங்கே வெயிலில் போய் உட்கார்ந்தீர்கள். கூடவே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் எர்த் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். கிளம்பும் முன்னால் அதை இறுக்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி இங்கேயே கிடக்கட்டும். நான் நடக்கிறேன். அப்படி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள் சார். அரைச் சுற்றுதான். அரைச் சுற்றில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.